‘டிராஃப்ட் பஸ்ட்’ என்பதற்குத் தமிழ்: தெரிவுப்பொய்ப்பு

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தில் முன்னிடத்தில் எடுக்கப்பட்டும் சோபிக்காமல் போகும் குவார்ட்டர்பேக்குகளை (பந்தை வீசித் தன் அணியின் தாக்குதலை நடத்துபவர்களை) ‘பஸ்ட்’ என்கிறார்கள். அதற்குச் சோடை, பதர், புஸ்வாணம் ஆகிய மூன்று சொற்கள் இந்த இழையில் முன்மொழியப்பட்டுள்ளன. மூன்றும் நம் நாவில் புழங்கும் சொற்கள். சோடை எனக்கும் பிடித்ததே. ஆயினும் மூன்றுமே ஆளைச் சுட்டுகின்றன. ஆட்டக்காரர் உள்ளீடற்றவர் என்று தீர்ப்பெழுதிவிட்டே அவை பொருள் தரத் தொடங்குகின்றன. நடந்தவற்றைப் பார்த்தால் பல வேளைகளில் தவறியது ஆளன்று, ஆளை எடுத்த முடிவு. ஆகவே கலைச்சொல் அந்த முடிவைச் சுட்ட வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் ‘டிராஃப்ட்’. என்.எஃப்.எல். எனும் தொழில்முறைக் கூட்டமைப்பின் 32 அணிகளும் முறைவைத்து, ஏழு சுற்றுகளில், கல்லூரி ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. 1936 முதல் நடக்கிறது. முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கே முதலிடம். இதற்குத் ‘தேர்வு’ என்று வைத்தால், ஆட்டக்காரர் ஏதோ பரீட்சை எழுதித் தோற்றார் என்றே தமிழ்நாட்டில் படிப்பவர் கொள்வார். ஈழத்து வழக்கில் வாழும் ‘தெரிவு’ இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கிறது. எனவே வரிசைத்தெரிவு என்கிறேன். குவார்ட்டர்பேக்கை அப்படியே விட்டுவிடலாம். ‘காற்பின்னர்’ என்று ஒரு நண்பர் ஆக்கியதில் கால் என்பது நாலில் ஒன்றா, நடக்கிற காலா என்ற மயக்கம் தீராது. (குவார்ட்டர் என்றதும் நம்மவர்க்கு வேறொன்று நினைவுக்கு வருமே என்ற கவலைக்கு என்னிடம் மருந்தில்லை.)

சோடையை ஆதரிப்பவர்கள் முதலில் காட்டுவது ரயன் லீஃபை. 1998இல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் பெய்ட்டன் மேனிங்கை முதலாவதாக எடுத்தது. சான் டியேகோ சார்ஜர்ஸ் லீஃபை இரண்டாவதாக எடுத்தது. அந்தப் பருவத்தின் மூன்றாவது ஆட்டத்தில், கேன்சஸ் சிட்டியில், லீஃப் 15 முறை பந்தை வீசினார். ஒன்றே ஒன்றுதான் தன் அணியாளின் கையில் போய்ச் சேர்ந்தது, அதனால் கிடைத்ததும் 4 யார்டு. அவர் என்.எஃப்.எல்.லில் ஆடிய காலம் முழுவதற்குமான கணக்கு 14 டச் டவுன் வீச்சுகள் (எதிரணியின் எல்லையைத் தொட்டுப் புள்ளி தந்தவை), எதிரணி பறித்தவை 36. செய்தியாளர் ஒருவரிடம் அவர் கத்திய காட்சியும் தொலைக்காட்சியில் ஓயாமல் ஓடியது. இவரை ஆளாகவே சோடை என்று யாரேனும் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் மூன்றாம் இடத்தில் இருந்த சார்ஜர்ஸ், ஒரே ஒரு படி மேலேறுவதற்காக, அந்த மூன்றாம் இடத்தோடு மறு ஆண்டின் முதற்சுற்று இடத்தையும் ஓர் இரண்டாம் சுற்று இடத்தையும் இரண்டு ஆட்டக்காரர்களையும் அரிசோனா கார்டினல்ஸுக்குத் தூக்கிக் கொடுத்திருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கடைசிச் சுற்றில் எடுத்த ஒருவர் இதே கணக்கோடு போயிருந்தால் அவர் பெயர் இன்று எவர்க்கும் தெரிந்திராது. கொடுத்த விலை இந்தக் கருத்தின் உள்ளேயே இருக்கிறது. சோடையிலோ பதரிலோ விலை இல்லை.

ஏன் தவறுகிறது என்பதற்கு வருகிறேன். 2024இல் தலைக்கவச வானொலி அனுமதிக்கப்படும்வரை, கல்லூரி அணிகள் பலவற்றில் குவார்ட்டர்பேக் திடலோரம் திரும்பிப் பார்த்தார். அங்கே பயிற்சியாளர்கள் தூக்கிப் பிடித்த அட்டைகளிலும் சைகைகளிலும் அடுத்த நகர்வு இருந்தது. எதிரணி நிற்கும் நிலையைப் படித்துச் சொல்வதும் பெரும்பாலும் அவர்கள் வேலையாகவே இருந்தது. என்.எஃப்.எல்.லில் தலைக்கவசத்துக்குள் பயிற்சியாளரின் குரல் கேட்கும். 40 நொடிக் கடிகாரத்தில் 15 நொடி மிஞ்சும்போது அது அறுந்துவிடும். அதற்குள் ஒரு நீண்ட குறிச்சொற்றொடரைக் கேட்டு, அதைத் தன் அணியினருக்கு ஒப்பித்து, வரிசையில் போய் நின்று, எதிரணியின் பாசாங்கைத் தானே கண்டுபிடித்து, தேவையானால் நகர்வை மாற்றவும் வேண்டும். திடலே வேறு. பந்து வைக்கப்படும் உட்குறிகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி, என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஓரமாக வைக்கப்படும்போதெல்லாம் மறுபக்கம் விரிந்த வெளி கிடைக்கிறது. அந்த வெளியில் தனியே நிற்பவருக்கு வீசிப் பழகிய கை, இருவர் நடுவே ஓர் இமைப்பொழுது திறக்கும் இடைவெளியில் வீசப் பழக வேண்டும்.

இந்தத் திறனை முன்கூட்டி அளக்கக் கருவி இல்லை. இண்டியானாபொலிஸில் ஆண்டுதோறும் கூடும் சோதனை முகாமில் உயரம், எடை, உள்ளங்கை அகலம், ஓட்டம் எல்லாம் அளக்கிறார்கள். எதிரே எவரும் பாய்ந்து வராத நிலையில் வீசவும் சொல்கிறார்கள். 12 நிமிடத்தில் 50 கேள்விகள் கொண்ட அறிவுச் சோதனையைப் பல்லாண்டுகள் நடத்தி, 2022இல் கைவிட்டார்கள். அளக்க முடிந்தது கையின் வலு. தேவைப்பட்டது இரண்டரை நொடியில் முடிவெடுக்கும் கண். 2007இல் ஓக்லாந்து ரெய்டர்ஸ் முதலாவதாக எடுத்த ஜமார்க்கஸ் ரசல் கையின் வலுவில் குறை வைக்காதவர். தொடக்கத்திலிருந்து களமிறங்கிய 25 ஆட்டங்களில் 7 வெற்றியோடு 2010இல் வெளியேற்றப்பட்டார்.

வரிசைத்தெரிவின் விதியிலேயே இன்னொரு காரணம் உண்டு. எனக்கு இதுவே முதன்மையானதாகப் படுகிறது. மோசமான அணிக்கு முதலிடம் என்றால், சிறந்த இளைஞர் போய்ச் சேர்வது காப்பு வரிசை (குவார்ட்டர்பேக்கை எதிரணியிடமிருந்து காக்கும் முன்வரிசை) ஓட்டையாக இருக்கும் அணியில், வேலை போகும் நிலையில் உள்ள பயிற்சியாளரிடம். 1999இல் மறுபிறப்பெடுத்த கிளீவ்லாந்து பிரவுன்ஸ் டிம் கவுச்சை முதலாவதாக எடுத்தது. அந்தப் பருவத்தில் பந்து கையைவிட்டுப் போகுமுன் அவர் 56 முறை தரையில் வீழ்த்தப்பட்டார். 2002இல் புதிதாகத் தொடங்கிய ஹூஸ்டன் டெக்சன்ஸில் டேவிட் காருக்கு அது 76 முறை. அதற்குமுன் ஒரே பருவத்தில் எவரும் அத்தனை முறை வீழ்ந்ததில்லை. அடி விழுமோ என்று காப்பு வரிசையையே பார்க்கத் தொடங்கிய கண் அதன்பின் தூரத்தில் ஓடுபவரைப் பார்ப்பதில்லை. 2018இல் பத்தாவதாக அரிசோனா எடுத்த ஜோஷ் ரோசனுக்கு, தாக்குதல் பயிற்சியாளர் பருவத்தின் நடுவிலேயே நீக்கப்பட்டார், தலைமைப் பயிற்சியாளர் பருவ முடிவில் நீக்கப்பட்டார். அடுத்த ஏப்ரலில் அதே அணி கைலர் மரேயை முதலாவதாக எடுத்துவிட்டு ரோசனை மயாமிக்கு அனுப்பியது.

‘சூழலே காரணம் என்றால் எல்லாரையும் மன்னித்துவிடலாமே’ என்று அம்மையார் ஒருவர் முன் மடலில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. டிரே லான்ஸை 2021இல் மூன்றாவதாக எடுப்பதற்கு சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் தன் பன்னிரண்டாம் இடத்தோடு அடுத்த இரண்டு ஆண்டுகளின் முதற்சுற்று இடங்களையும் ஒரு மூன்றாம் சுற்று இடத்தையும் கொடுத்தது. லான்ஸ் அந்த அணிக்காகத் தொடக்கத்திலிருந்து ஆடியவை 4 ஆட்டங்களே. இரண்டாம் பருவத்தின் இரண்டாவது ஆட்டத்தில் கணுக்கால் முறிந்தது. அதே பயிற்சியாளரிடம், அதே அணியில், 2022இன் கடைசி இடமான 262இல் எடுத்த பிராக் பர்டி வென்று காட்டினார். இங்கே சூழல் கெட்டது என்று சொல்ல வழியில்லை. ஆனால் ஆள் சோடை என்றும் சொல்ல வழியில்லை. கல்லூரியில் ஒரே ஒரு முழுப் பருவம் ஆடியிருந்த, காயத்தால் தொடர்ந்து ஆட முடியாமற்போன ஒருவரைப் பற்றி என்ன தீர்ப்புச் சொல்வது? தவறியது மதிப்பீடும் விலையும். முன்னிடங்களுக்கு அணிகள் அவற்றின் தகுதிக்கு மேல் விலை கொடுக்கின்றன என்று கேட் மாசியும் ரிச்சர்ட் தேலரும் ஆராய்ந்து காட்டியிருப்பது இதனோடு பொருந்துகிறது.

சாம் டார்னல்டு இந்த வாதத்தை என் வரையில் முடித்துவைக்கிறார். 2018இல் மூன்றாவதாக அவரை எடுத்த நியூயார்க் ஜெட்ஸ் மூன்றே பருவங்களில் கைகழுவியது. 2024இல் மினசோட்டா வைக்கிங்ஸ் அவரோடு 14 ஆட்டங்கள் வென்றது. சோடை, பதர் என்று அவர்மேல் ஒட்டிய பெயரை இனி எப்படி உரிப்பது? பதர் பிறகு நெல்லாவதில்லை. ஆனால் ஜெட்ஸின் தெரிவு பொய்த்தது என்ற கூற்று 2024க்குப் பிறகும் அப்படியே நிற்கிறது.

எனவே பொய்த்தல். மழை பொய்த்தது, விளைச்சல் பொய்த்தது என்கிறோம். எதிர்பார்த்தது வாராமற்போனதை அச்சொல் சொல்கிறது, வானம் சோம்பேறி என்று சொல்வதில்லை. நிகழ்வுக்குத் தெரிவுப்பொய்ப்பு, தனி எடுத்துக்காட்டுக்குப் பொய்த்த தெரிவு. ‘பொய்த்தெரிவு’ என்று ஒட்ட வேண்டா; அது போலியான தெரிவு என்றாகிவிடும். ஆட்டக்காரருக்குத் தனிப் பெயர்ச்சொல் எதையும் நான் வேண்டுமென்றே தரவில்லை.

சொற்பட்டியலில் இடுவதற்கான வரையறை: ‘வரிசைத்தெரிவின் முன்னிடம் ஒன்றைச் செலவிட்டு எடுத்த ஆட்டக்காரரிடமிருந்து, முதல் ஒப்பந்தக் காலத்துக்குள், அவ்விடத்துக்கு ஈடான பயன் எடுத்த அணிக்குக் கிட்டாமை.’ ஒப்பந்தக் காலத்தைச் சேர்த்ததற்குக் காரணம், 2011 முதல் முதற்சுற்று ஒப்பந்தம் நான்கு ஆண்டு, அணி விரும்பினால் ஐந்தாவது ஆண்டு என்று நிலைத்துவிட்டதுதான்.

இவ்வரையறையில் அலெக்ஸ் ஸ்மித் இடிக்கிறார். 2005இல் சான் பிரான்சிஸ்கோ முதலாவதாக எடுத்தவர். முதல் பருவத்தில் ஒரே ஒரு டச் டவுன் வீச்சு, பறிபோனவை 11. ஆண்டுக்கு ஆண்டு தாக்குதல் பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பிறகு 2011இல், ஜிம் ஹார்பா பயிற்சியாளராக வந்ததும், எடுத்த அதே அணியிலேயே 13 வெற்றி. முதல் ஒப்பந்தம் அதற்குள் முடிந்துவிட்டது. இதைப் பொய்த்த தெரிவு என்பதா, தாமதித்துப் பலித்த தெரிவு என்பதா? காலவரம்பைத் தளர்த்தினால் எதையுமே பொய்த்தது என்று சொல்ல முடியாமற் போகும் என்பதால் நான் முதலாவதன் பக்கம் சாய்கிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுங்கள்; பட்டியலில் ஏற்றுமுன் இதை முடித்துக்கொள்வோம்.

அன்புடன்.