ஒற்றை 18650 செல் டார்ச்சில் 4000 லூமென்: ஏற்றலாமா, வேண்டாமா?

தோப்புக்காரன்
வணக்கம்ங்க. பொள்ளாச்சிப் பக்கம் ஆறு ஏக்கர் தென்னை. மும்முனைக் கரண்ட் ராத்திரியில் வருகிற நாட்களில் மோட்டார் போட நான்தான் போகவேண்டும். போதாக்குறைக்குப் புதுக்கன்று நட்ட பக்கம் காட்டுப்பன்றி வந்து குருத்தைக் கிளறிவிட்டுப் போகிறது. கையில் இருப்பது சி8 வகை டார்ச். உள்ளே கிரீ எக்ஸ்எம்-எல்2 எல்இடி, ஒரே ஒரு 18650 செல் (ரீசார்ஜ் செய்கிற லித்தியம்-அயான் வகை). நான்கு வருடமாக நன்றாகத்தான் எரிகிறது, ஆனால் கடைசி வரிசை மரத்தடி மங்கலாகத்தான் தெரிகிறது. விசாரித்த இடத்தில் "எக்ஸ்எச்பி70 எல்இடி மாத்திப் போடுங்க, 4000 லூமென் வரும்" என்றார்கள். லூமென் என்றால் மொத்த வெளிச்சத்தின் அளவாம். சால்டரிங் ஓரளவுக்குக் கைவரும். செய்யலாமா?

ஈயக்கோல்
தாராளமாகச் செய்யுங்கள். நானே இரண்டு டார்ச்சில் செய்திருக்கிறேன். ஒன்று மட்டும் கவனம்: எக்ஸ்எச்பி70 உள்ளே நான்கு சிப் இருக்கும். குறைந்தது 6 வோல்ட் கேட்கும். உங்கள் செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட்தான். பழைய டிரைவரோடு (எல்இடிக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) சேர்த்துவிட்டு "எரியவில்லை" என்று இங்கே வந்து எழுதுகிறவர் மாதத்துக்கு ஒருவராவது உண்டு. வோல்ட்டைக் கூட்டித் தருகிற பூஸ்ட் டிரைவர் ஒன்று வாங்கவேண்டும், அடியில் செம்பு ஸ்டார் (எல்இடி உட்காரும் தட்டு) போடவேண்டும், கரண்ட் தடையில்லாமல் போக ஸ்பிரிங்குக்குப் பைபாஸ் கம்பி இழுக்கவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியான வேலை. முதல்முறை சுவிட்ச்சை அழுத்தும்போது தோப்பே பகலாகும், பாருங்கள்.

வாட்கணக்கு
பகலாகும். எத்தனை நிமிடத்துக்கு என்பதையும் சொல்லிவிடுங்கள், ஈயக்கோல்.

நான் பதினோரு வருடமாகத் தெருவிளக்கு எல்இடி வடிவமைப்பில் இருக்கிறேன். கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், தப்பென்றால் திருத்துங்கள். 4000 லூமென் வேண்டுமானால், வாட்டுக்கு 100 லூமென் என்று தாராளமாகவே வைத்தாலும், 40 வாட் உள்ளே போகவேண்டும். அதில் மூன்றில் இரண்டு பங்கு வெளிச்சமாக வராது, சூடாகத்தான் வரும். சுமார் 27 வாட். சி8 உடம்பு ஏறத்தாழ 150 கிராம் அலுமினியம். ஒரு கிராம் அலுமினியத்தை ஒரு டிகிரி சூடாக்க 0.9 ஜூல், ஆக மொத்த உடம்புக்கு டிகிரிக்கு 135 ஜூல். 27 வாட் என்றால் விநாடிக்கு 27 ஜூல். அதாவது ஐந்து விநாடிக்கு ஒரு டிகிரி. 30 டிகிரியில் தொடங்கினால் இரண்டரை நிமிடத்தில் 60 டிகிரி. காற்று கொஞ்சம் குளிர்விக்கும், அதைச் சேர்த்தால் இன்னும் ஒரு நிமிடம் கூடலாம். அதன்பிறகு துண்டைச் சுற்றித்தான் பிடிக்கவேண்டும்.

செல் பக்கம் பாருங்கள். 40 வாட்டை 3.6 வோல்ட்டில் இழுக்க 11 ஆம்பியர், அதோடு பூஸ்ட் டிரைவரின் இழப்பும் சேரும். 3500 எம்ஏஎச் கொள்ளளவு உள்ள நல்ல செல்கள் பெரும்பாலும் 8 அல்லது 10 ஆம்பியருக்குத்தான் விதிக்கப்பட்டவை. 15 ஆம்பியர் தருகிற செல் வேண்டுமென்றால் கொள்ளளவு 3000-க்கு இறங்கும். அது மொத்தமே 11 வாட்மணிக்குப் பக்கம்தான். கால் மணி நேரத்தில் காலி. ராத்திரி இரண்டு மணிக்குத் தோப்பு நடுவில்.

ஈயக்கோல்
கணக்கு சரி. ஆனால் யார் சொன்னது கால் மணி நேரம் ஒரேயடியாக எரியவிடச் சொல்லி? பன்றிச் சத்தம் கேட்கிறதா, பத்து விநாடி முழு வெளிச்சம், அப்புறம் 300 லூமெனுக்கு இறக்கிவிட்டு நடப்பார். இப்போது வருகிற டிரைவர்களில் வெப்ப உணரி இருக்கிறது, ஆண்டுரில் மாதிரியான ஃபர்ம்வேரில் (டிரைவருக்குள் ஓடும் மென்பொருள்) 45 டிகிரி என்று வரம்பு வைத்தால் அதுவே தானாகக் குறைத்துக்கொள்ளும். காரில் 160 வரை எண் போட்டிருக்கிறது என்பதற்காக யாரும் சந்தைக்கு 160-ல் போவதில்லை. தேவைப்படும்போது இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

அதைவிட, கம்பெனியிலிருந்து வருகிற நிலை என்னவென்று அவரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நான் வாங்கிய ஒரு சி8 வகையில் ஸ்டாருக்கு அடியில் சூட்டைக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட் என்று கடுகளவு ஒரு பொட்டு. ஸ்டாரும் அலுமினியம், நடுவில் மின்காப்புப் படலம். சூடு எல்இடியை விட்டு இறங்க வழியே இல்லை. செம்பு ஸ்டாரில் எல்இடியின் நடுப்பட்டை நேராகச் செம்பின் மேலேயே பற்றவைக்கப்படும், இடையில் படலம் கிடையாது. தொடவே தொடாதே என்று சொல்வது எளிது. தொட்டுப் பார்த்தால்தான் உள்ளே எவ்வளவு மோசம் என்று தெரியும்.

வாட்கணக்கு
செம்பு ஸ்டாருக்கு நான் எதிரி இல்லை. அதைச் செய்யட்டும். என் சண்டை அந்த 4000 என்ற எண்ணோடு. அவர் கேட்டது என்ன? கடைசி வரிசை தெரியவில்லை என்றார். அது தூரம். தூரத்தைத் தீர்மானிப்பது கேண்டெலா, அதாவது ஒரு திசையில் போகிற வெளிச்சத்தின் செறிவு. லூமென் அல்ல.

தோப்புக்காரரே, உங்களுக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். எக்ஸ்எம்-எல்2-வின் ஒளிரும் பரப்பு சுமார் 2-க்கு 2 மி.மீ. எக்ஸ்எச்பி70-ல் அதே மாதிரி நான்கு சிப் பக்கத்தில் பக்கத்தில். உங்கள் ரிஃப்ளெக்டர் மாறவில்லை. மோட்டார் குதிரைத்திறனை நாலு மடங்கு கூட்டிவிட்டு, குழாயின் வாயையும் நாலு மடங்கு அகலமாக்கினால் தண்ணீர் எங்கே போய் விழும்? காலடியில்தான் நிறைய விழும். பீய்ச்சுகிற தூரம் அதிகமாகாது. நான்கு சிப்புக்கு நடுவில் இருக்கிற இடைவெளி வேறு, சின்ன ரிஃப்ளெக்டரில் பீம் நடுவில் கறுப்பாக உளுந்துவடை ஓட்டை போல விழும்.

சுக்குக்காப்பி
வடை ஓட்டையா! என் டார்ச்சில் நாலு வருடமாக இருக்கிறது, ரிஃப்ளெக்டர் கீறல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தோப்புக்காரன்
சரிங்க, கேண்டெலாவை எப்படி அளப்பது? என் டார்ச்சில் இப்போது எவ்வளவு வருகிறது என்று தெரிந்தால் அல்லவா மேலே பேச முடியும்?

வாட்கணக்கு
லக்ஸ் மீட்டர் (ஓரிடத்தில் விழுகிற வெளிச்சத்தை அளக்கும் கருவி) ஒன்று யாரிடமாவது இரவல் வாங்குங்கள், கல்லூரி ஆய்வகத்தில் கூட இருக்கும். சுவரில் மீட்டரை வைத்து, சரியாக 5 மீட்டர் தள்ளி நின்று நடுப்பொட்டை அதன்மேல் அடியுங்கள். வருகிற எண்ணை 25-ஆல் பெருக்கினால் கேண்டெலா. அதற்கு வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்கினால் மீட்டரில் தூரம். பெட்டியில் போடுகிற "தூரம்" இந்தக் கணக்குதான். ஆனால் அந்தத் தூரத்தில் விழுவது 0.25 லக்ஸ், ஏறக்குறைய முழுநிலா வெளிச்சம். பன்றியா புதரா என்று அடையாளம் தெரியவேண்டுமானால் அதில் பாதித் தூரத்தைத்தான் நம்பலாம்.

இன்னொன்று: தூரத்தை இரண்டு மடங்காக்க கேண்டெலா நான்கு மடங்கு வேண்டும். வர்க்கமூலம் இரக்கமே இல்லாதது.

பெட்ரோல்மணி
எக்ஸ்எம்-எல்2-வையே வைத்துக்கொண்டு அதன் மேல் இருக்கிற சிலிக்கோன் குமிழைப் பெட்ரோலில் ஊறவைத்து எடுத்துவிடலாமே? கேண்டெலா ஏறக்குறைய இரட்டிப்பாகும், செலவு ஐந்து ரூபாய்.

ஈயக்கோல்
ஆகும். கூடவே மொத்த வெளிச்சம் குறையும், நிறம் மஞ்சளும் பச்சையுமாகத் திரும்பும், குமிழோடு மெல்லிய தங்கக் கம்பியும் வந்துவிட்டால் எல்இடி குப்பைக்கு. நான் மூன்றில் ஒன்றைக் கொன்றிருக்கிறேன். அதற்குப் பதில், குமிழே இல்லாமல் வருகிற ஓஸ்ரம் ஒயிட் ஃப்ளாட் எல்இடி போடலாம். ஒளிரும் பரப்பு 1 அல்லது 2 சதுர மி.மீ.தான். பீம் ஈட்டி மாதிரி போகும்.

கட்டுவிரியன்
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நான் பாம்பு மீட்பு வேலைக்குப் போகிறவன். நீங்கள் இரண்டு பேரும் கடைசி வரிசையைப் பற்றியே பேசுகிறீர்கள். அண்ணன் நடந்து போகிற முதல் வரிசையைப் பற்றி யாரும் பேசவில்லை.

தோப்பில் காய்ந்த மட்டையும் சருகும் கிடக்கும். அதற்குள் கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தால், 6500 கெல்வின் நீல வெள்ளை வெளிச்சத்தில் மட்டையும் பாம்பும் ஒரே சாம்பல் நிறம். வெள்ளை எல்இடி என்பது நீலச் சிப்பின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. மலிவான வகையில் நீலம் துருத்திக்கொண்டு நிற்கும், சிவப்பு வெகு குறைவு. பழுப்பு நிறங்களைப் பிரித்துக் காட்டுவதே அந்தச் சிவப்புதான். நான் நிச்சியா 519ஏ எல்இடி போட்ட சின்ன டார்ச் வைத்திருக்கிறேன், 4000 கெல்வின், சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டுகிற அளவு) 90-க்கு மேல். போன ஆடி மாதம் ஒரு களத்துமேட்டில் வீட்டுக்காரர் தன்னுடைய பெரிய டார்ச்சை அடித்து "இங்கே ஒன்றுமில்லை" என்றார். அதே இடத்தில் என்னுடையதை அடித்ததும் சருகு செம்பழுப்பாகப் பிரிந்தது, அதன் மேல் சங்கிலி மாதிரி வட்டங்கள் தனியாகத் தெரிந்தன. வாசலிலிருந்து நாலு அடி.

ஈட்டி மாதிரி பீம் கால் பக்கத்துக்கு உதவாது. மார்கழிப் பனியில் அந்தப் பீமே வெள்ளைத் திரையாகத் திரும்பி வந்து கண்ணைக் கூசும்.

வாட்கணக்கு
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் சும்மா கிடைப்பதில்லை. சிஆர்ஐ கூடினால் அதே வாட்டுக்கு லூமென் குறையும்.

கட்டுவிரியன்
குறையட்டும் சார். 200 லூமென் போதும், காலடிக்கு.

மதுரைச்சுடர்
செல் விஷயத்தில் ஒரு வார்த்தை. எனக்கு நடந்தது. "9900 எம்ஏஎச்" என்று அச்சடித்த இரண்டு 18650 செல்கள் மலிவாகக் கிடைத்தன. அந்த அளவில் நம்பகமான செல்கள் பெரும்பாலும் 3500-ஐ ஒட்டித்தான் இருக்கின்றன என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு செல்லையும் வரிசையாகப் போடுகிற டார்ச். ஒன்று பலவீனமாக இருந்திருக்கிறது. அது தீர்ந்தபின்னும் மற்றது அதன் வழியாகக் கரண்டைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. மேசையில் வைத்திருந்த டார்ச்சின் வால்பக்கம் முதலில் ஒரு 'ஸ்ஸ்ஸ்', பிறகு இனிப்பான ஒரு கெமிக்கல் நாற்றம், பிறகு புகை. மூடி கழன்று சுவரில் அடித்தது. கையில் இருந்திருந்தால் இதைத் தட்டச்சு செய்திருக்க மாட்டேன். வெளிச்சத்தைக் கூட்டுமுன் செல்லைத் தூக்கி எடை பாருங்கள்: நல்ல 18650 ஏறக்குறைய 45 முதல் 50 கிராம் இருக்கும். என்னுடையது முப்பதுகூடத் தேறவில்லை.

ஈயக்கோல்
இதற்கு மட்டும் எதிர்வாதம் கிடையாது.

சரி, எக்ஸ்எச்பி70-ஐ நான் வாபஸ் வாங்குகிறேன். வாட்கணக்கு சார் ஜெயித்தார் என்று அர்த்தமில்லை, அந்தக் கணக்கில் ரிஃப்ளெக்டர் பகுதி சரி. தோப்புக்காரரே, லூமினஸ் எஸ்எஸ்டி-40 எல்இடி போடுங்கள். எக்ஸ்எம்-எல்2 உட்காரும் அதே 5-க்கு 5 மி.மீ. அடிவாரம், ஒரே செல்லில் ஓடும், டிரைவர் மாற்ற வேண்டியதில்லை. உங்கள் டிரைவரில் 7135 என்று எழுதிய குட்டிச் சில்லுகள் எட்டு இருக்கும். ஒன்று 350 மில்லிஆம்பியர், எட்டும் சேர்ந்து 2.8 ஆம்பியர். அவற்றில் நான்கின் முதுகில் இன்னும் நான்கைக் கால் மேல் கால் வைத்துப் பற்றவைத்தால் 4.2 ஆம்பியர். 1300, 1400 லூமென் வரும். சூடு 9 வாட்டுக்குள். உங்கள் கணக்குப்படியே 15 விநாடிக்கு ஒரு டிகிரி. சரிதானே சார்?

வாட்கணக்கு
சில்லுகள் எரிக்கிற வாட்டை மறந்துவிட்டீர்கள். 7135 என்பது மிச்ச வோல்ட்டேஜைச் சூடாக்கித் தள்ளுகிற வகை. முழுச் சார்ஜில் அரை வோல்ட்டுக்கு மேல் மிச்சம் இருக்கும், 4.2 ஆம்பியரில் இரண்டரை வாட். ஆக 12 விநாடிக்கு ஒரு டிகிரி. இருந்தாலும் நியாயமான மாற்றம்தான்.

ஈயக்கோல்
அந்த மூன்று விநாடியை விடவே மாட்டீர்களே.

தோப்புக்காரன்
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். செய்துவிட்டேன்.

சூடேற்ற வேறு எதுவும் இல்லாததால் பழைய இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து இரண்டு செங்கலுக்கு நடுவில் நிறுத்தினேன். அதன்மேல் செம்பு ஸ்டார், ஸ்டாரின் பட்டைகளில் பசை ஈயம் கடுகளவு. எல்இடியை இடுக்கியால் கொஞ்சம் கோணலாகத்தான் வைத்தேன். இரண்டு மூன்று நிமிடம் எதுவும் நடக்கவில்லை. திடீரென்று சாம்பல் நிற ஈயம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. இடுக்கி முனையால் மெல்லத் தட்டினேன், எல்இடி மிதந்து நகர்ந்து தானாகவே நேராக வந்து உட்கார்ந்தது. என் சம்சாரம் "மறுபடி பண்ணுங்க, பார்க்கணும்" என்கிறாள். இஸ்திரிப் பெட்டிக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் மிச்சம்.

7135-களில் மூன்றுதான் ஒழுங்காக ஒட்டின, நாலாவது கால் உடைந்துவிட்டது. ஆக பதினொன்று, 3.85 ஆம்பியர். ஸ்பிரிங்குக்குள் மெல்லிய செம்புக் கம்பி பின்னல் இழுத்தாயிற்று. மைத்துனன் கல்லூரியில் லக்ஸ் மீட்டர் கிடைத்தது. 5 மீட்டரில் முன்பு 1250, இப்போது 1800. கணக்குப்படி 353 மீட்டரிலிருந்து 424 மீட்டர்.

வாட்கணக்கு
எழுபது மீட்டர் கூடியிருக்கிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரிகிறதா, உண்மையைச் சொல்லுங்கள்?

தோப்புக்காரன்
பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிகிறதுங்க. தனியாகப் பார்த்தால் கொஞ்சம் யோசிக்கவேண்டியிருக்கிறது. ஆனால் முன்பு பத்து நிமிடத்தில் மங்கியது, இப்போது மங்கவில்லை.

கட்டுவிரியன் தம்பி சொன்னபடி 519ஏ போட்ட குட்டி டார்ச்சும் ஒன்று வாங்கினேன். ராத்திரி நடக்கும்போது அதுதான் கையில் இருக்கிறது. பெரியது தோளில் தொங்குகிறது. பன்றி இன்னும் வரவில்லை, வந்தால் எழுதுகிறேன்.

ஈயக்கோல்
அந்த உடைந்த 7135-ஐத் தூக்கிப் போடாதீர்கள். கால் போனாலும் கம்பி வைத்து ஒட்டலாம், எப்படி என்று படம் போடுகிறேன்.