பழைய ஸ்ட்ரிங்கிங் மெஷின் வாங்கப் போகிறேன், எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: பின்கோர்ட்

எங்கள் குழுவில் எல்லோரும் பேட்மிண்டன் ஆடுகிறவர்கள். ஸ்ட்ரிங் அறுந்தால் வெளியே கொடுத்துவிட்டுக் காத்திருப்பது பெரிய தொல்லையாக இருக்கிறது. அதனால் பழைய மெஷின் ஒன்று வாங்கி நானே கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். புதிதாக வாங்கக் கையில் காசில்லை. இப்போது மூன்று கிடைக்கிறது: எடை தொங்கும் டிராப் வெயிட் மெஷின் ஒன்று, டென்னிஸுக்கு ஓடிய, கைப்பிடியைச் சுற்றி இழுக்கும் பழைய கிராங்க் மெஷின் ஒன்று, எலக்ட்ரானிக் ஒன்று. மூன்றும் ஏறக்குறைய ஒரே விலை. எனக்கு ஸ்ட்ரிங் இழுப்பு 24 முதல் 26 பவுண்டு வரை வேண்டும். எதை எடுக்கலாம்?

பதில்: ஸ்மாஷ்பிரியன்

ஒரே விலை என்றால் எலக்ட்ரானிக்தான். பட்டனை அழுத்தினால் இழுத்துக்கொள்ளும், வேலை சீக்கிரம் முடியும்.

பதில்: ஆறுமுனை

நண்பரே, கொஞ்சம் பொறுங்கள். வாங்க வருகிற எல்லோரும் முதலில் இழுக்கும் பாகத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் ராக்கெட்டைப் பிடிக்கும் பாகத்தை முதலில் பார்க்கச் சொல்வேன். பேட்மிண்டன் ஃபிரேம் மிக மெல்லியது. நெடுக்கு ஸ்ட்ரிங்குகளை மட்டும் இழுத்து முடித்திருக்கும் நேரத்தில் தலைப்பகுதி நீளத்தில் குறுகி, பக்கவாட்டில் அகல முயலும். குறுக்கு ஸ்ட்ரிங் ஏறிய பிறகுதான் பழைய வடிவத்துக்கு வரும். அந்த இடைப்பட்ட நேரத்தில் ஃபிரேமைக் காப்பாற்றுவது மெஷினின் தாங்கிகள் மட்டுமே. உச்சியிலும் அடியிலும் மட்டும் பிடிக்கிற இரண்டு முனை மெஷினிலும் நல்ல வேலை செய்கிறவர்கள் உண்டு. ஆனால் புதிதாகக் கற்கிறவர், அதுவும் 26 பவுண்டுக்கு, தோள்களையும் தாங்குகிற ஆறு முனை மெஷினை எடுப்பது நல்லது. தாங்கிகளின் ரப்பர் தேய்ந்திருக்கிறதா, திருகுகள் ஆடுகின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

அப்புறம் கிளாம்ப், அதாவது இழுத்த ஸ்ட்ரிங் தளராமல் கடித்துப் பிடிக்கும் பாகம். டென்னிஸ் ஸ்ட்ரிங் பெரும்பாலும் 1.20 மில்லிமீட்டருக்கு மேலேயே இருக்கும், நம்முடையது பெரும்பாலும் 0.61 முதல் 0.70 வரைதான். டென்னிஸுக்கு ஓடிய கிளாம்ப் இவ்வளவு மெல்லியதை இறுகப் பிடிக்குமா என்பதை நேரில்தான் பார்க்க முடியும். உங்கள் ஸ்ட்ரிங் ஒரு துண்டும், பழைய ராக்கெட் ஒன்றும் கொண்டுபோங்கள். ஸ்ட்ரிங்கை இழுத்துப் பிடிக்க வைத்து, கிளாம்பை ஒட்டிப் பேனாவால் கோடு போடுங்கள். கோடு நகர்ந்தால் வழுக்குகிறது என்று அர்த்தம். உடனே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதில்லை. பல நேரம் பல்லில் ஏறிய அழுக்குதான் காரணம், ஸ்பிரிட் தொட்ட டூத் பிரஷால் தேய்த்தால் சரியாகிவிடும். தேய்த்த பிறகும் வழுக்கினால் பல் தேய்ந்துவிட்டது. மாற்றுக் கிளாம்ப் கிடைக்குமா என்று தெரியாமல் வாங்காதீர்கள்.

கொக்கித் தராசு ஒன்றும் அவசியம். ஸ்ட்ரிங்கின் ஒரு முனையைத் தராசில் கட்டி, மெஷினை 24 பவுண்டுக்கு வைத்து இழுங்கள். கிலோ தராசு என்றால் 10.9 காட்டணும். 23 பவுண்டு காட்டினாலும் 25 காட்டினாலும் கவலையில்லை, கிராங்க் மெஷினில் அதைத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் ஒருமுறை 23, மறுமுறை 25 என்று அலைந்தால் அந்த மெஷின் வேண்டாம்.

பதில்: பின்கோர்ட்

மிக்க நன்றி அண்ணா. டிராப் வெயிட்டில் எடை தொங்கும் கம்பி சரியாகக் கிடைமட்டத்தில் நிற்காவிட்டால் அளவு தவறிவிடும் என்கிறார்களே? அதுதான் எனக்குப் பயம்.

பதில்: ஆறுமுனை

அந்தப் பயம் தேவையில்லை. 10 டிகிரி சாய்ந்து நின்றாலும் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம்தான் குறையும், அதாவது 24 பவுண்டில் அரை பவுண்டுகூட இல்லை. டிராப் வெயிட்டை எனக்குப் பிடிப்பதற்குக் காரணமே அதில் கெட்டுப்போக அதிகம் இல்லை என்பதுதான். எடை எடைதான், எத்தனை வருடம் ஆனாலும் அதே இழுப்பு. ஸ்ட்ரிங் தளரத் தளர அதுவும் கூடவே இறங்கி இழுத்துக்கொண்டே இருக்கும். கிராங்க் அப்படியில்லை, வைத்த அளவு வந்ததும் பூட்டிக்கொள்ளும், அதன் பிறகு ஸ்ட்ரிங் தளர்ந்தால் தளர்ந்ததுதான். அதனால் சிலர் 5 முதல் 10 சதவீதம் கூட்டி வைக்கிறார்கள்.

டிராப் வெயிட்டின் குறை நேரம். ஒவ்வொரு இழுப்புக்கும் கம்பியைத் தூக்கி இறக்கணும். உங்கள் குழுவுக்கு மட்டும் என்றால் அது பெரிய விஷயமில்லை.

பதில்: நெட்டோரம்

எலக்ட்ரானிக் பற்றி ஒன்று. உள்ளே இருக்கும் போர்டு போனால், தயாரித்த நிறுவனம் இன்னும் அந்த மாடலுக்குப் பாகம் தருகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாடல் எண்ணை வாங்கி முதலில் அதை விசாரியுங்கள். ஸ்ட்ரிங்கை இழுத்து ஒரு நிமிடம் விட்டும் பாருங்கள். தளரும்போது மோட்டார் தானாக மறுபடி இழுக்கணும்.

பதில்: பின்கோர்ட்

டிராப் வெயிட் வைத்திருப்பவரிடம் படம் கேட்டு வாங்கினேன். ஆறு முனை இருக்கிறது, ஆனால் கிளாம்ப் தனியாகக் கழன்று வருகிற ஃப்ளையிங் வகை. எடுக்கலாமா?

பதில்: ஆறுமுனை

எடுக்கலாம். தாங்கிகள் உறுதியாக இருந்தால் விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள், அந்தக் காசில் பேட்மிண்டனுக்கென்றே செய்த நல்ல ஃப்ளையிங் கிளாம்ப் ஜோடி வாங்கிக்கொள்ளலாம். முதல் சில ராக்கெட்டுகளுக்கு 20 பவுண்டுக்கு மேல் போகாதீர்கள். போடுவதற்கு முன்னும் பின்னும் ராக்கெட்டின் நீளத்தை அளந்து எழுதி வையுங்கள்.