தகைவிலான்: செப்டம்பரில் குட்டை வால், மார்ச்சில் நீண்ட வால். எப்படி?

மாடிக்குறிப்பு கேட்டது:

வணக்கம். மூன்று குளிர்காலமாக மாலை வேளையில் மொட்டைமாடியில் நின்று, எதிரே உள்ள மின்கம்பியில் வந்து அமரும், குளிர்காலத்துக்கு இங்கே வரும் வலசைப் பறவைகளான தகைவிலான்களை எண்ணி ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். மெலிந்த உடல், நெற்றியிலும் தொண்டையிலும் செங்கல் நிறம், மார்பில் கருநீலப் பட்டை. இனத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை, அல்லது இல்லை என்று நினைத்திருந்தேன்.

கடந்த செப்டம்பரில் முதல் கூட்டம் வந்தபோது 41 பறவைகள். அவற்றில் பாதிக்கு மேலானவற்றுக்கு வாலின் ஓரத்தில் கம்பி போல நீளும் இறகுகளே இல்லை. தொண்டையும் வெளிறி, சாயம் போன துணி போல இருந்தது. வேறு இனம் என்று முடிவு செய்து, நோட்டில் தனிப் பத்தி போட்டு எண்ணினேன். மார்ச் வந்ததும் அந்தப் பத்தியில் எழுத ஒரு பறவைகூட இல்லை. கம்பியில் இருந்த எல்லாமே நீண்ட வாலும் மினுமினுக்கும் முதுகுமாக இருந்தன. அந்தக் குட்டை வால்கள் எங்கே போயின?

இன்னொன்று. ஜனவரியில் சில பறவைகள் தலைக்கு மேலே பறந்தபோது இறக்கையில் ஓர் இறகு உருவியது போல இடைவெளி தெரிந்தது. இரண்டு இறக்கையிலும் ஒரே இடத்தில். பார்க்கவே மனம் சங்கடப்பட்டது. பருந்து ஏதேனும் அடித்திருக்குமா? பார்த்தபோதெல்லாம் சின்னதாக வரைந்து வைத்திருக்கிறேன்.

ஏழு மாதம் தங்கியும் இவை ஏன் இங்கே கூடு கட்டுவதில்லை என்பதையும் யாராவது சொன்னால் நன்றி.

உச்சிவெயில் எழுதியது:

முதலில், பார்க்கத் தகைவிலான் போலவே இருக்கும் உழவாரன் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உழவாரனுக்குக் கம்பியில் அமரும் கால் கிடையாது, ஆகவே நீங்கள் பார்ப்பவை தகைவிலான்கள்தான். பிட்டத்தில் செந்நிறம் இருந்தால் அது செம்பிட்டத் தகைவிலான். ஆனால் உங்கள் வருணனை அதற்குப் பொருந்தவில்லை.

நாணற்காடு எழுதியது:

அவை எங்கும் போகவில்லை, மாடிக்குறிப்பு. உங்கள் கண்ணெதிரேதான் இருந்தன. வெளிறிய தொண்டையும் குட்டை வாலும் கொண்டவை அந்த ஆண்டு பிறந்த இளம் பறவைகள். மார்ச்சில் நீங்கள் பார்த்த நீண்ட வாலில் பெரும்பங்கு அந்தப் பிள்ளைகளுடையதே.

இறக்கையின் இடைவெளிக்கும் பருந்துக்கும் சம்பந்தம் இல்லை. அடிபட்ட பறவைக்கு இரு பக்கமும் ஒரே இடத்தில் இறகு போகாது. அது இறகுதிர்ப்பு, அதாவது பழைய இறகு உதிர்ந்து அந்த இடத்தில் புதியது முளைப்பது. பறவைகளைப் பிடித்து, காலில் எண் வளையம் பூட்டி விடும் ஒரு குழுவுக்கு ஒன்பது குளிர்காலம் உதவியாளனாக இருந்திருக்கிறேன். பிடித்த தகைவிலானைப் பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்தால் இருபது கிராம் இருக்கும், பறவையின் கனத்தைவிட அதன் நெஞ்சுத் துடிப்புத்தான் கைக்குத் தெரியும். இறக்கையை மெல்ல விரித்தால் பழைய இறகுகள் பழுப்பேறி விளிம்பு தேய்ந்திருக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் புது இறகு கருநீலமாகப் பளபளக்கும். இரண்டுக்கும் நடுவே, இன்னும் உறைக்குள் சுருண்டபடி ஓர் இறகு குருத்து விட்டுக்கொண்டிருக்கும். முதன்முதலில் அதைப் பார்த்த நாளில் எனக்குப் பேச்சு வரவில்லை.

கை இறகுகளில், அதாவது இறக்கை மடங்கும் இடத்திலிருந்து நுனி வரை உள்ள இறகுகளில், நீண்டவை ஒரு பக்கத்துக்கு ஒன்பது. உள்ளே இருப்பது முதலில் உதிரும், பிறகு அடுத்தது, இப்படியே நுனியை நோக்கிப் போகும். ஒரு நேரத்தில் ஓர் இறகு, மிஞ்சினால் இரண்டு. வாத்துகள் எல்லாவற்றையும் ஒரேயடியாக உதிர்த்துவிட்டுச் சில வாரம் பறக்காமல் தண்ணீரிலேயே காலம் தள்ளும். தகைவிலானுக்கு அந்த வசதி இல்லை. ஈயோ கொசுவோ, பறந்து பிடித்தால்தான் சாப்பாடு. தண்ணீர் குடிப்பதும் பறந்தபடியே, அலகால் நீர்ப்பரப்பைக் கீறிக்கொண்டுதான். அதனால் இறக்கையைப் பயன்படுத்திக்கொண்டே இறக்கையைப் புதுப்பிக்கிறது. ஓடும் வண்டியில் ஒவ்வொரு சக்கரமாக மாற்றுவது போன்ற வேலை. முடிய நான்கைந்து மாதம் ஆகும். வாலின் நீண்ட ஓர இறகுகள் கடைசிக் கட்டத்தில் வளரும்.

இந்த வேலையைக் கூட்டுக் காலத்தில் செய்ய முடியாது. அப்போது பெற்றோர் இரண்டும் சேர்ந்து குஞ்சுகளுக்கு நாளொன்றுக்கு நானூறு தடவை வரை இரை கொண்டுவருகின்றன. வலசைப் பயணத்தில் பொத்தல் இறக்கையோடு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போக முடியாது. மிச்சம் இருப்பது குளிர்காலம் ஒன்றுதான்.

இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் ஆவேசம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கூடு கட்டும் இடத்தைத்தான் எல்லோரும் இதன் வீடு என்கிறார்கள், நம் பக்கத்தை ஏதோ ஓய்வு விடுதி போலப் பேசுகிறார்கள். 1988இல் மோல்லர் என்ற ஆய்வாளர் டென்மார்க்கில் ஆண் பறவைகள் சிலவற்றின் வாலை ஒட்டி நீளமாக்கினார். நீள வால் ஆண்களுக்குச் சீக்கிரம் துணை கிடைத்தது. அந்த வால் எங்கே வளர்கிறது? குளிர்காலத்தைக் கழிக்கும் நிலத்தில், அங்கே பிடித்த பூச்சியால். வளர்ந்து முடிந்த இறகு அதற்குப் பின் மாறாது. அதனால்தான் கூட்டருகே பிடித்த பறவையின் ஓர் இறகில் உள்ள தனிமங்களின் லேசான, கனமான அணுக்களின் விகிதத்தை அளந்து, அது எத்தகைய நிலத்தில் குளிர்காலத்தைக் கழித்தது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். நமது ஏரிக்கரையின் ஒரு மழைக்காலம் அந்த இறகில் எழுதப்பட்டிருக்கிறது!

ஆகவே இவை இரவு தங்கும் நாணலும் கோரையும் முக்கியம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் அருகே மவுண்ட் மோர்லாந்து என்ற இடத்து நாணற்புதரில் முப்பது லட்சம் வரை தங்கியதாக ஒரு காலத்தில் மதிப்பிட்டிருந்தார்கள். பக்கத்தில் புதிய விமான நிலையம் வந்தபோது, அந்தக் கூட்டத்தைக் கண்காணிக்க ராடார் அமைத்தார்கள். நாணலை வெட்டித் தீர்த்திருந்தால் செலவு குறைந்திருக்கும். அப்படிச் செய்யவில்லை.

மாடிக்குறிப்பு எழுதியது:

இப்படி ஒரு பதிலை எதிர்பார்க்கவில்லை. நன்றி ஐயா. இவ்வளவு தூரம் போய்விட்டு அதே கூட்டுக்குத்தான் திரும்புகின்றன என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது எப்படித் தெரியவந்தது?

பழைய ஏடு எழுதியது:

வளையத்தால்தான். 1555இல் ஒலாஸ் மாக்னஸ் என்ற பாதிரியார், தகைவிலான்கள் குளிர்காலத்தில் ஏரிக்கு அடியில் கிடப்பதாகவும் மீனவர் வலையில் கொத்தாக அகப்படுவதாகவும் எழுதினார். 1911 மே மாதம் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஜான் மேஸ்ஃபீல்ட் என்ற வழக்கறிஞர், தம் வீட்டில் கூடு கட்டிய ஒரு தகைவிலானின் காலில் பி830 என்ற வளையம் பூட்டினார். 1912 டிசம்பரில் அதே வளையம் தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் கிடைத்தது. இப்போது சொல்லும்போதும் எனக்குச் சிலிர்க்கிறது. பழைய கூட்டிடத்துக்கே திரும்பி வருவதும் இப்படி வளையமிட்ட பறவைகள் மூலம்தான் உறுதியானது.

இங்கே கூடு கட்டுவதில்லையே என்று கேட்டீர்கள். பொதுவாகக் குளிர்கால நிலத்தில் இவை கூடு கட்டுவதில்லை. வடக்கே கோடையில் பகல் நீளம், பூச்சியும் ஏராளம், குஞ்சு வளர்க்க அதுவே ஏற்றது. ஆனால் அர்ஜென்டினாவில் 1980இல் சில ஜோடிகள் ஒரு பாலத்தின் கீழ் கூடு கட்டின. அவை வட அமெரிக்காவிலிருந்து குளிர்காலத்துக்கு வந்து போகும் கூட்டத்தைச் சேர்ந்தவை. பிறகு ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. ஒளியை அளந்து இடம் கணிக்கும் சிறு கருவியைப் பொருத்திப் பார்த்தபோது, அந்தப் புதுக் கூட்டம் இப்போது வட அமெரிக்காவுக்குப் போவதில்லை, தென்னமெரிக்காவின் வட பகுதியோடு திரும்பிவிடுகிறது என்று தெரிந்தது. இறகுதிர்ப்புக் காலமும் மாறிவிட்டது.

நாணற்காடு எழுதியது:

மாடிக்குறிப்பு, அந்தப் படங்களை எடுத்துப் பாருங்கள். இடைவெளி இறக்கையில் எந்த இடத்தில் இருந்தது என்பதைத் தேதி வாரியாக எழுத முடியுமா?

மாடிக்குறிப்பு எழுதியது:

இப்போதுதான் பார்த்தேன். நவம்பர் 9, ஒரே ஒரு பறவை, இடைவெளி இறக்கை மடங்கும் இடத்துக்குப் பக்கத்தில். டிசம்பர் 21, மூன்று பறவைகள், நடுவில். ஜனவரி 17, நான்கு பறவைகள், நடுவைத் தாண்டி. பிப்ரவரி 12, இரண்டு பறவைகள், நுனியருகே. பக்கத்தில் ‘பாவம், இன்னும் ஆறவில்லை’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.