வல்வைக் குடும்பம் – வொட்ஸ்அப் குழு

சனிக்கிழமை

மாலை 5.40 – சிவா மாமா: படகை இன்று கொழும்பு மட்டக்குளியில் தரையேற்றிவிட்டோம். அடியில் பிடித்திருந்த கொட்டலசையெல்லாம் சுரண்டியாயிற்று, திங்கட்கிழமை பூச்சு அடிக்கிறார்கள். ஆனால் பொங்கல் முடிந்த கையோடு மாலைதீவுக்குப் புறப்படுவதாகச் சொன்னதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பி ஒன்றில் இழை அறுந்திருக்கிறது.

5.43 – பெரியம்மா: ஐயோ தம்பி, எந்த இடத்தில்? படம் அனுப்பு.

5.46 – சிவா மாமா: (படம்) வலப்பக்கம், கீழ்முனை. கம்பி உருக்குக் குழாய்க்குள் நுழையும் இடத்தில் தேயிலைச் சாயம் வடிந்ததுபோல் துரு தெரிகிறது, பாருங்கள். அறுந்த இழை கண்ணுக்குப் படவில்லை. பஞ்சை வைத்துக் கம்பி நெடுக உருவியபோது அந்த இடத்தில் பஞ்சு சிக்கியது.

5.52 – ரகு: மாமா, கம்பியில் முறுக்கியிருக்கும் 19 இழைகளில் ஒன்றுதானே போயிருக்கிறது? மிச்சம் 18 தாங்காதா? எனக்கு ஜனவரி கடைசி வரைக்கும்தான் லீவு.

6.04 – சிவா மாமா: ரகு, மிச்சம் 18க்கும் அதே வயது, அதே உப்பு, அதே இழுவை. துரு குழாய்க்குள்ளிருந்து தின்றுகொண்டு வருகிறது, வெளியே வந்தது மட்டும்தான் நமக்குத் தெரிகிறது. நாம் போவது நேர் மேற்கே, மாலைதீவின் வடக்கிலுள்ள உலிகமு தீவுக்கு. மன்னார் வளைகுடா வழியாக இறங்கும் வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, வலப்பக்கத்துப் பின்புறமிருந்து அடிக்கும். முழுப் பாரமும் இந்தக் கம்பியில்தான் விழும். அது போனால் பாய்மரமும் போகும். சுமார் 410 கடல் மைல், 5 நொட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் மூன்றரை நாள், வழியில் ஒதுங்குவதற்கு ஒரு தீவு கிடையாது. உன்னை அந்தக் கம்பியை நம்பி ஏற்ற மாட்டேன். எல்லாக் கம்பிகளும் பத்து ஆண்டைத் தாண்டியவை. அத்தனையையும் மாற்றுகிறேன்.

6.07 – ரகு: சரி மாமா.

6.10 – கலா மாமி: கம்பி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதுவரை காற்று காத்திருக்குமா?

6.15 – சிவா மாமா: பெப்ரவரி முழுக்க வாடை இருக்கும், மார்ச் முற்பகுதியிலும் போகலாம். ஏப்ரலில் காற்று செத்துவிடும். மே பிறந்தால் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று முகத்துக்கு நேரே நிற்கும். ஆகவே அவகாசம் இருக்கிறது, ஆனால் தாராளமாக இல்லை.

6.21 – பெரியம்மா: நம் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் வல்வை மாலுமிகளோடு அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகள் அவசரப்பட்டுப் போனார்கள் என்ற பேச்சு வரக் கூடாது. தம்பி சொல்வதுதான் சரி. ரகு, நீ விமானத்தில் மாலேக்குப் போய் ஏறிக்கொள்.

6.24 – சிவா மாமா: நல்ல யோசனை அக்கா. உலிகமுவில் நுழைவுப் பதிவை முடித்துக்கொண்டு தீவு தீவாகத் தெற்கே இறங்குவோம். ரகு மாலேயில் ஏறினால் தென்கோடியிலுள்ள அட்டு வரை கூட வரலாம். பவளப்பாறைகளுக்கு நடுவே ஓடுவதற்கு அணியத்தில் (படகின் முன்முனையில்) கூர்மையான கண் ஒன்று வேண்டும். காலை 10 மணிக்கும் மாலை 3 மணிக்கும் இடையில்தான் அங்கே ஓட்டம். சூரியன் உச்சியில் நின்றால்தான் பாறை பழுப்பாகத் தெரியும்.

6.26 – ரகு: அப்படியானால் லீவை மார்ச்சுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கிறேன். அதுவரை சனி ஞாயிறுகளில் மட்டக்குளிக்கு வருகிறேன். என்ன வேலை இருக்கிறது?

6.35 – சிவா மாமா: டீசல் தாங்கி. துறைமுகத்தில் எஞ்சின் ஒழுங்காகத்தான் ஓடும். வெளியே படகு ஆடத் தொடங்கியதும் தாங்கியின் அடியில் கிடக்கும் அழுக்கு கலங்கி வடிகட்டியை அடைத்துவிடும், அதுவும் எஞ்சின் கட்டாயம் வேண்டிய நேரத்தில். முழுக்க இறைத்துக் கழுவ வேண்டும். அடுத்து, படகின் அடியில் கடல்நீர் போய்வரும் துளைகளின் வால்வுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்தத் துளைக்கு அளவான மர முளையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடு. வால்வு உடைந்தால் இருட்டில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

6.38 – தர்ஷினி: மருந்துப் பெட்டி என் பொறுப்பு மாமா. தண்ணீர்?

6.41 – சிவா மாமா: ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர். மூன்றரை நாள் ஓட்டத்துக்கு ஒரு வாரத் தண்ணீர் ஏற்றுகிறேன். எல்லாவற்றையும் ஒரே தாங்கியில் வைக்க மாட்டேன், பாதி கான்களில்.

6.44 – பெரியம்மா: பொரிவிளாங்காயும் எள்ளுருண்டையும் செய்து தருகிறேன். மாசிச் சம்பலும் இடித்துத் தரவா?

6.45 – சிவா மாமா: சம்பல் தாருங்கள் அக்கா. மாசிக் கருவாடு மட்டும் தனியாக வேண்டாம், அது வருகிற இடத்துக்கே போகிறோம்.

6.52 – கலா மாமி: எனக்கு ஒரு விஷயம் எழுத்தில் வேண்டும். காலையும் மாலையும் செய்மதி வழியாக இருக்கும் இடத்தை அனுப்புவீர்கள். இரண்டு முறை வராவிட்டால் நான் யாரிடம் பேசுவது?

6.58 – சிவா மாமா: கொழும்பில் கடற்படை நடத்தும் கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையத்திடம். படகின் நிறம், நீளம், ஆட்களின் பெயர், போகும் வழி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதித் தருகிறேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவை. 406 மெகாஹேர்ட்ஸ் அவசர ஒலிபரப்பியும் இருக்கிறது. அதை இயக்கினால் செய்மதி வழியாக மீட்பு நிலையத்துக்குத் தகவல் போய்விடும்.

7.01 – தர்ஷினி: அந்த ஒலிபரப்பியின் பதிவுப் படிவம் இப்போது என் கையில் இருக்கிறது. கரையில் தொடர்புகொள்ள இரண்டு தொலைபேசி இலக்கங்கள் கேட்கிறார்கள்.

7.02 – கலா மாமி: என்னுடையதை முதலில் போடு பிள்ளை. இரவில் எடுப்பேன்.

7.03 – ரகு: மாலேக்குப் புறப்படும் வரை இரண்டாவது என்னுடையது. பிறகு பெரியம்மாவினுடையது.