குழை தாட்டால் யூரியா வேண்டாமாம்!

வெள்ளவத்தை வாசன்: நேற்று ஒருத்தர் இங்க எழுதியிருந்தார், "பூவரசங்குழையை வெட்டி வயல் மண்ணில தாட்டால் போதும், யூரியாவே தேவையில்லை, எங்கட விவசாயிதான் சூழலுக்கு வழிகாட்டி" எண்டு. வாசிக்க நல்லாத்தான் இருக்கு. ஒரு பரப்புக்கு எத்தனை வண்டில் குழை?

வன்னிமகன்: அந்த ஒருத்தர் நான்தான். பெயர் சொல்ல வாய் வரேல்லையோ? குழை மட்டுமே? பனையோலை, மாட்டெரு, குளத்து வண்டல் எல்லாம் இருக்கு. குளக்கட்டுக்குக் கீழ மரங்களை வெட்டாமல் விட்டது வயலுக்கு உப்பு இறங்காமல் இருக்க. எங்கட ஆக்கள் அதைக் கம்பஸில படிச்சே செய்தவை? எங்கட வறண்ட வலயக் குளத்தொடரை ஐ.நா. உணவு விவசாய நிறுவனமே உலக விவசாய மரபு எண்டு ஏற்றிருக்கு.

வெள்ளவத்தை வாசன்: குளத்தை ஆர் கேட்டது? எத்தனை வண்டில்? 50 கிலோ யூரியா மூடையில 23 கிலோ நைதரசன் இருக்கு. அவ்வளவுக்குக் குழை வெட்டினால் வேலியில மரம் மிஞ்சுமோ? 2021 மே மாதம் அரசாங்கத்து ஆக்கள் ஒரேயடியா இரசாயனப் பசளையைத் தடை செய்து, காலபோகம் விதைச்ச பிறகு நவம்பரில தடையைத் தூக்கினவை. என்ர மச்சான்ர வயல் மஞ்சளிச்சு நிண்டது.

கொட்டாஞ்சேனை ராணி: தடை போட்டது கொழும்பில இருந்த ஆக்கள் அண்ணை. வயல் செய்யிற கிழவர் ஒருத்தரையும் கேக்கேல்லை. யூரியா கொட்டி யாழ்ப்பாணத்துக் கிணறுகளில நைத்திரேற்று ஏறினதையும் சொல்லுங்கோவன்.

வெள்ளவத்தை வாசன்: வெங்காயத்துக்கு அள்ளிக் கொட்டினது ஆர் தங்கச்சி? எங்கட வழிகாட்டிகள்தானே!

வன்னிமகன்: பால்கனியில கறிவேப்பிலைச் சட்டி வைச்சிருக்கிறவர் வயல் கதைக்கிறார்.

வெள்ளவத்தை வாசன்: சட்டியை விடும். மொட்டைக்கருப்பன் எண்டு போன வருசம் நீர் எனக்கு வித்தது என்ன அரிசி?

மட்டுநகரான்: பரப்பு எண்டா ஏக்கர்ல 16ல ஒண்டு தானே? எங்கட பக்கம் ஏக்கர் கணக்குத்தான்.

வெள்ளவத்தை வாசன்: எந்தக் கணக்கிலயும் சொல்லுங்கோ. எத்தனை வண்டில்?

வன்னிமகன்: என்ர ஐயா வண்டில் எண்ணிக் குழை தாக்கேல்லை. மண்ணைப் பாத்துத் தாட்டவர்.

வெள்ளவத்தை வாசன்: தெரியாது எண்டு சொல்லும்.

வன்னிமகன்: அரிசிக் காசு பாதி இன்னும் வரேல்லை, அது தெரியும்.

வெள்ளவத்தை வாசன்: பாதி கல்லு, பாதிக் காசு. வண்டிலைச் சொல்லும்.