பழைய விமானப்படைச் சீருடையில் அந்துப்பூச்சியும் நாய் முடியும் இருக்கின்றன: எப்படிக் காப்பது?

கேள்வி:
வணக்கம். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியின் அப்பா, இரண்டாம் உலகப் போரில் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரர். அவருடைய கம்பளிச் சட்டை, முகாமில் அவர் வளர்த்த நாயின் தோல் கழுத்துப்பட்டை, புகைப்படங்கள், ஒரு கைக்கடிகாரம் எல்லாம் ஒரே தகரப் பெட்டியில் கிடந்தன. பாட்டி என்னை நம்பிக் கொடுத்திருக்கிறார். சட்டைக் காலரில் பூச்சி அரித்த ஓட்டைகள். கைப்பகுதியில் நாயின் முடி ஒட்டியிருக்கிறது. பாட்டிக்கு அதுதான் உயிர். ட்ரைகிளீனிங் கொடுக்கலாமா? பட்டையின் பித்தளைத் தகட்டைச் சுற்றிப் பச்சையாக மெழுகு போல ஏதோ படிந்திருக்கிறது.

பதில் 1:
ட்ரைகிளீனிங் வேண்டவே வேண்டாம். முடியோடு அவர் அணிந்த தடயங்களும் போய்விடும். அந்துருண்டையும் போடாதீர்கள். முதலில் முடி ஒட்டியிருக்கும் இடங்களைப் படம் எடுங்கள். அப்புறம் பூச்சி சாக, சட்டையைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் ஒட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஒரு நாள் பையைத் திறக்காதீர்கள். அவசரப்பட்டால் துணியில் ஈரம் கோத்துக்கொள்ளும். முடியும் கம்பளியைப் போலக் கெரட்டின் என்ற புரதம்தான், அந்துப்பூச்சிப் புழுவுக்கு அதுவும் தீனி. அதனால் சாமணத்தால் மெல்ல எடுத்து, அமிலமில்லாத காகித உறையில் போட்டு, எந்த இடத்தில் இருந்தது என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். சட்டையை மடிப்புகளில் அமிலமில்லாத டிஷ்யூ சுருட்டி வைத்துப் பெட்டியில் படுக்க வைப்பது நல்லது.

பதில் 2:
அந்தப் பச்சை, தோலில் உள்ள கொழுப்பும் பித்தளையிலுள்ள செம்பும் சேர்ந்து வருவது. மூங்கில் குச்சியால் மெதுவாகச் சுரண்டினால் வந்துவிடும். பிராஸோ மாதிரி உலோகப் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் எழுத்து தேயும், தோலும் கறைபடும். தோலுக்கு எண்ணெய் தடவ வேண்டாம். தகட்டுக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய பாலியெஸ்டர் தாள் வையுங்கள். புகைப்படங்களுக்கும் அதே தாளில் செய்த உறைதான், பிவிசி பிளாஸ்டிக் ஆல்பம் ஆகாது. ஃப்ரீசரில் அவற்றை வைக்காதீர்கள்.

பதில் 3:
எல்லாரும் கடிகாரத்தை விட்டுவிட்டீர்களே! முள்ளிலும் எண்களிலும் பழுப்பேறிய பூச்சு இருந்தால் அது கதிர்வீச்சுள்ள ரேடியமாக இருக்கலாம். ஒளிராவிட்டாலும் கதிர்வீச்சு போகாது. திறக்கக் கூடாது, சுரண்டக் கூடாது.

இன்னொன்று. நாயின் பெயர், யார் சோறு வைத்தார்கள், போருக்குப் பின் என்ன ஆனது, எல்லாவற்றையும் பாட்டி சொல்லச் சொல்லப் பதிவு செய்யுங்கள். செக் வீரர் ராபர்ட் போஸ்டெக்குடன் வெலிங்டன் விமானத்தில் பறந்த ஆன்டிஸ் என்ற நாய் 1949இல், விலங்குகளின் வீரத்துக்குப் பிரிட்டனில் தரப்படும் டிக்கின் பதக்கம் பெற்றதால் அதன் கதை நமக்குத் தெரிகிறது. இந்த நாய்க்குப் பாட்டியின் நினைவு மட்டும்தான் இருக்கிறது.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. கடிகாரத்தின் கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது. என்ன செய்வது?

பதில் 3:
அப்படியானால் தொட்ட கையைக் கழுவிவிட்டு, அதை மட்டும் தனி ஜிப் பையில் மூடி, படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். பக்கத்து அருங்காட்சியகத்தில் கேட்டுவிட்டு மற்றதைச் செய்யலாம். பெட்டியில் உதிர்ந்து கிடக்கும் தூளை ஊதாதீர்கள், ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள்.